லாஸ் வேகாஸிலிருந்து ஆன்ட்டிலோப் கேன்யன்: தனியாகப் போய் நான் பட்ட பாடு

2024 ஜூலையில் அலுவலக வேலையாக லாஸ் வேகாஸ் போயிருந்தேன். நான்கு நாள் கருத்தரங்கு வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது. சென்னைக்குத் திரும்பும் விமானம் ஞாயிறு காலை. நடுவில் சனிக்கிழமை முழுதாகக் கையில் இருந்தது. கூட வந்த மூன்று பேரும் சொந்தக்காரர்களைப் பார்க்கக் கலிஃபோர்னியா கிளம்பிவிட்டார்கள். எனக்கு அந்த ஊரின் சூதாட்டக் கூடங்களில் துளியும் ஆர்வமில்லை. ஆனால் பல வருடங்களாக என் கணினித் திரையில் இருந்த படம் ஆன்ட்டிலோப் கேன்யன். பக்கத்து அரிசோனா மாநிலத்தில், செந்நிறப் பாறையை வெள்ளம் அறுத்து உண்டாக்கிய குறுகலான பள்ளத்தாக்கு. காலையில் கிளம்பினால் இரவுக்குள் போய்வந்துவிடலாம் என்று தெரிந்ததும் மனசு நிலைகொள்ளவில்லை. அமெரிக்காவில் கார் ஓட்ட எனக்குத் தைரியம் கிடையாது. அதனால் பதினான்கு பேர் போகும் சிறிய வேனில், வழிகாட்டியோடு கூடிய ஒருநாள் பயணத்துக்குப் பணம் கட்டினேன். 229 டாலர். நம் பணத்துக்கு 19 ஆயிரத்துக்கு மேல். அந்தப் பணத்தில் நான் ஓர் அடிகூட நகரவில்லை.

அதிகாலை 4:50-க்கு ஓட்டலுக்கே வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்றரைக்கே எழுந்து குளித்து, நாலரைக்கெல்லாம் ஓட்டலின் முன்வாசலில் போய் நின்றுவிட்டேன். பொழுது விடியாத அந்த நேரத்திலும் வெளியே அனல் அடித்தது. அந்த மாதம் 7-ஆம் தேதிதான் லாஸ் வேகாஸில் 120 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவாகியிருந்தது. அந்த நகரத்தில் அதுவரை பதிவானதிலேயே அதுதான் உச்சம். ஐந்து மணி ஆனது, ஐந்தேகால் ஆனது. டாக்ஸிகள் வந்தன, போயின. என் வேன் மட்டும் வரவில்லை. வரவேற்பு மேசைக்கு ஓடிக் கேட்டேன். அங்கிருந்தவர், "டூர் வண்டியா? அது இந்த வாசலுக்கு வராதே, கேசினோவைத் தாண்டிப் பின்பக்கம் போகணும்" என்றார். அந்த ஊரின் பெரிய ஓட்டல்கள் ஆயிரக்கணக்கான அறைகள் கொண்டவை. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக எனக்கு எட்டு நிமிடம் ஆனது, ஓட்டமும் நடையுமாகப் போயே. அங்கே ஒரு வண்டியும் இல்லை. பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா மட்டும் நிமிர்ந்து பார்த்து, "போயிட்டாங்களே" என்பதுபோலக் கையை விரித்தார்.

அறைக்குத் திரும்பி வைஃபை கிடைத்ததும் மின்னஞ்சல்கள் வரிசையாக வந்து விழுந்தன. 4:52-க்கு, "டூர் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறோம், உங்கள் எண்ணுக்கு அழைத்தோம், கிடைக்கவில்லை." 5:02-க்கு, "மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், கிளம்புகிறோம்." நான் கொடுத்திருந்தது என் சென்னை எண். ரோமிங் போடவில்லை, வைஃபை இருக்கிறதே என்று நான்கு நாளும் ஓட்டியிருந்தேன். வாசலில் வைஃபை எட்டவில்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அழுதேன். 46 வயதில் ஒரு வேனைத் தவறவிட்டதற்காக அழுவேன் என்று நினைத்ததே இல்லை. வீட்டில் அப்போது மாலை ஆறு மணி. கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன், ஆனால் "தனியா எதுக்குப் போற" என்று முதலிலேயே சொன்னவரிடம் இதைச் சொல்ல மனம் வரவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதினேன். வராத பயணிக்குப் பணம் கிடையாது என்று விதிமுறையில் இருக்கிறது என்று ஒரே வரியில் பதில் வந்தது. போய்ப் பார்த்தால், ஆமாம், இருக்கிறது.

நீங்கள் போவதாக இருந்தால் முதல் காரியமாக, முந்தின நாளே வண்டி நிற்கும் இடத்துக்கு நடந்து போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். லாஸ் வேகாஸ் ஓட்டல்களில் டாக்ஸிக்கு ஓரிடம், செயலியில் கூப்பிடும் கார்களுக்கு ஓரிடம், டூர் வண்டிகளுக்கு வேறோர் இடம். உறுதிச்சீட்டில் "டூர் லாபி" என்று ஒரு வார்த்தை இருந்தது. அதை லாபி என்றே நான் படித்துவிட்டேன். அப்புறம், அமெரிக்காவில் பேசக்கூடிய எண் ஒன்று கட்டாயம் வேண்டும். நான் பிறகு 35 டாலருக்கு ஓர் உள்ளூர் சிம் வாங்கினேன். அதை வந்திறங்கிய அன்றே வாங்கியிருந்தால் ஓட்டுநரின் அந்த அழைப்பு எனக்கு வந்திருக்கும்.

பத்து மணி வரை அப்படியே கிடந்தேன். அப்புறம் எழுந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு இடம் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன். விட்டுவிட்டு ஊர் திரும்பியிருக்கலாம். ஆனால் அவ்வளவு தூரம் மறுபடி எப்போது வருவேன்? வேறொரு நிறுவனத்தில் ஒரே ஓர் இடம் இருந்தது, 259 டாலர். விமானத்தைத் திங்களுக்கு மாற்ற 165 டாலர். ஓட்டலில் இன்னோர் இரவு, அறை வாடகை 96, அதற்கு மேல் ரிசார்ட் கட்டணம் என்று 45. முதல் நாள் போன 229-ஐயும் சேர்த்தால், வீணாகப் போனது மட்டும் 535 டாலர். ஏறக்குறைய 45 ஆயிரம் ரூபாய்.

இந்த முறை விதிமுறைகளை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். படித்தபோதுதான் தெரிந்தது, ஆன்ட்டிலோப் கேன்யன் என்பது ஒரே இடம் இல்லை. மேல் கேன்யன், கீழ் கேன்யன் என்று இரண்டு. பக்கத்திலேயே கேன்யன் எக்ஸ் என்று வேறொன்றும் உண்டு. மூன்றுக்கும் நுழைவு தனித்தனி. மேல் கேன்யனில் தரை சமமாக இருக்கும், வேனிலிலும் கோடையிலும் நடுப்பகலில் உச்சியிலிருந்து ஒளிக்கற்றை தூண்போல இறங்குவது அங்கேதான். என் கணினித் திரையில் இருந்தது அது. நான் இடம் பிடித்தது கீழ் கேன்யனுக்கு. அங்கே செங்குத்தான இரும்புப் படிகளில் இறங்கி ஏற வேண்டும், முட்டிவலி உள்ளவர்களுக்கு அது ஆகாது. விளம்பரத்தில் வெறுமனே "ஆன்ட்டிலோப்" என்று போட்டிருந்தால் எது என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். கட்டணத்தில் எது சேரும், எது சேராது என்பதையும் கேளுங்கள். எனக்கு நவாஹோ அனுமதிக் கட்டணமும் கேன்யன் நுழைவும் சேர்த்து 75 டாலர் தனியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த நிலம் நவாஹோ பழங்குடி மக்களுடையது. அவர்களின் அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே கால் வைக்க முடியாது.

ஞாயிறு காலை நாலேகாலுக்கே சரியான இடத்தில் நின்றேன். வேன் வந்தது. பதின்மூன்று பேர் இருந்தோம். என் பக்கத்து இருக்கையில் நெல்லூரைச் சேர்ந்த ஒரு அம்மா, அவருக்கு அந்தப் பக்கம் அவர் கணவர். மகனைப் பார்க்க வந்தவர்கள். சென்னையில் இருபது வருடம் இருந்ததால் அந்த அம்மாவுக்கு நல்ல தமிழ். லாஸ் வேகாஸிலிருந்து, கேன்யனுக்குப் பக்கத்தில் இருக்கும் பேஜ் என்ற சிற்றூருக்கு 440 கிலோமீட்டருக்கு மேல். நெவாடாவிலிருந்து அரிசோனாவின் ஒரு மூலையைத் தொட்டு, யூட்டாவுக்குள் நுழைந்து, மறுபடி அரிசோனாவுக்கு வர வேண்டும். வர்ஜின் ஆறு அறுத்த மலையிடுக்கில் சாலை வளைந்து போகும்போது பொழுது விடிந்தது. ஒரு பக்கச் சுவர் முழுக்கச் செம்பு நிறமாக எரிந்தது. முதல் நாள் அழுதது அந்த நேரத்தில் மறந்தே போனது. பேஜுக்குள் நுழையும் பாலத்தின் மேலிருந்து கிளென் கேன்யன் அணை தெரிந்தது. 710 அடி உயரம். அந்த அணையைக் கட்ட வந்த தொழிலாளர்களுக்காக 1957-ல் உண்டாக்கிய ஊர்தான் பேஜ் என்று ஓட்டுநர் சொன்னார்.

முதலில் ஹார்ஸ்ஷூ பெண்ட். கொலராடோ ஆறு ஆயிரம் அடி ஆழத்தில் குதிரை லாடம் மாதிரி வளைந்து திரும்பும் இடம். வேனை விட்டு இறங்கும்போது ஓட்டுநர், "சரியாகப் பதினொன்றேகாலுக்கு எல்லாரும் வண்டியில் இருக்க வேண்டும், கேன்யனில் நேரம் தப்பினால் இடம் போய்விடும்" என்றார். நிறுத்துமிடத்திலிருந்து விளிம்புக்கு ஒரு கிலோமீட்டர் நடை. இரண்டொரு நிழற்கூரைகளை விட்டால் வழியில் ஒரு மரம்கூட இல்லை. விளிம்பில் ஒரு பகுதிக்கு மட்டும்தான் கம்பித் தடுப்பு உண்டு, மற்ற இடமெல்லாம் வெறும் பாறைதான். தடுப்பருகில் நின்று கீழே பார்த்தேன். பச்சை நிற ஆற்றில் எறும்பு அளவுக்கு ஒரு படகு. படம் எடுக்கப் போனைத் தூக்கியபோது திரையில் மணி 11:22.

வயிற்றில் ஏதோ பிசைந்தது. இன்றைக்கும் வண்டியை விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். யாரையும் பார்க்கவில்லை, எதையும் யோசிக்கவில்லை, திரும்பி ஓடினேன். திரும்பும் வழி ஏற்றம். நேர் மேலே சூரியன், காலில் தோல் செருப்பு, அதற்குள் மணல் புகப் புகச் சுட்டது. தண்ணீர் பாட்டிலை வேனிலேயே வைத்துவிட்டேன். பாதி வழியில் காதுக்குள் ஓர் இரைச்சல், கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. நெல்லூர் அம்மா எதிரே மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, இப்படி ஓடுற? முதல்ல உட்காரு." "மணியாச்சும்மா, வண்டி போயிடும்" என்றேன். அவர் தன் இடது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். தங்க முலாம் வெளுத்த ஒரு பழைய கைக்கடிகாரம். பத்து இருபத்தைந்து.

நடந்தது இதுதான். யூட்டாவின் நேரம் கோடையில் அரிசோனாவைவிட ஒரு மணி முன்னால் போகும், ஏனென்றால் அரிசோனா கோடைக்காலத்துக்கென்று கடிகாரத்தை மாற்றுவதில்லை. நவாஹோ நாட்டு நிலம் அரிசோனாவுக்குள்ளேயே இருந்தாலும் அவர்கள் மாற்றுகிறார்கள். பேஜ் இந்த இரண்டு எல்லைகளுக்கும் ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஊர். போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும், நிமிடத்துக்கு நிமிடம் மாறும். கேன்யன் பயணங்களோ பேஜ் நேரப்படிதான் நடக்கும். கோடையில் லாஸ் வேகாஸும் பேஜும் ஒரே நேரம். ஆனால் நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை போகிறவர்கள் கவனிக்க வேண்டும், அப்போது பேஜ் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். போனில் நேரத்தைத் தானாக மாற்றிக்கொள்ளும் வசதியை அணைத்துவிட்டு, ஃபீனிக்ஸ் நேரத்தைக் கையால் வைத்துவிடுங்கள். பேஜுக்கும் அதே நேரம்தான். இல்லையென்றால் சாவி கொடுக்கும் கடிகாரமே போதும்.

நிழற்கூரைக்கு அடியில் அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். அந்த அம்மா கைப்பையிலிருந்து எலெக்ட்ரால் பொட்டலத்தை எடுத்துத் தன் பாட்டிலில் கலக்கி, குழந்தைக்குக் கொடுப்பதுபோல வாய் வாயாகக் கொடுத்தார். அவர் கணவர், அந்த ஐயா, என் கழுத்தின் பின்பக்கத்தில் ஈரக் கைக்குட்டையை வைத்தார். இருவரும் இன்னும் விளிம்புக்கே போய்ப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்கள். "நாங்க பார்க்கலன்னா என்ன, முதல்ல நீ சரியாகு" என்றார் அந்த அம்மா. கடைசியில் ஐயா மட்டும் போய் ஒரு படம் எடுத்து வந்தார். ஓர் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும். வேனில் இருக்கும் தண்ணீர் உங்களைக் காப்பாற்றாது. வறண்ட காற்றில் வேர்வை உடம்பில் நிற்பதே இல்லை. நாம் வேர்க்கவில்லை என்று நினைத்து ஏமாறுவோம், சென்னைக்காரர்கள் முக்கியமாக. தொப்பி, ஷூ, உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஏதாவது ஒன்று, இவை இல்லாமல் அங்கே இறங்காதீர்கள்.

பன்னிரண்டு மணிக்குக் கீழ் கேன்யன் வாசலுக்குப் போனோம். பை எதுவும் உள்ளே கூடாது. தோள்பை, இடுப்புப்பை, முக்காலி, செல்ஃபிக் குச்சி எல்லாமே வெளியே. போனும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் கையில். என் பாஸ்போர்ட் இருந்த பையை வேனில் வைத்துவிட்டு வர மனசு கேட்கவில்லை. பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துப் பாவாடைக்குள் செருகிக்கொண்டேன். சட்டைப்பையோ பேன்ட் பையோ உள்ள உடுப்பில் போனால் இந்தத் தொல்லை இல்லை.

வரிசையில் நின்றோம். வழிகாட்டியாக வந்தவர் ஒரு நவாஹோ இளம்பெண். எங்களைப் பத்தடி நடத்திவிட்டு, கையிலிருந்த வயர்லெஸ்ஸில் ஏதோ கேட்டார், நின்றார். "மேலே தெற்குப் பக்கம் மழை. இப்போது உள்ளே போகக் கூடாது. காத்திருங்கள்." அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேலே துடைத்து வைத்த மாதிரி நீலம். ஒரு பொட்டு மேகம் இல்லை. தென்கிழக்கில் வெகு தொலைவில் மட்டும் ஒரு கறுப்புத் திட்டு. அரை மணி போனது, ஒரு மணி போனது. மூடிவிட்டால் பணம் வருமா என்று ஒருவர் கோபமாகக் கேட்டார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அதே கோபம்தான். இரண்டு நாள், இவ்வளவு பணம், ஒரு மயக்கம், கடைசியில் வெயிலில் நின்று மழைக்காகக் காத்திருப்பதா என்று.

அந்தப் பெண் கோபப்படவில்லை. அமைதியாகச் சொன்னார். 1997 ஆகஸ்ட் 12 அன்று இதே கேன்யனில் 11 பயணிகள் வெள்ளத்தில் போனார்கள். பெரும்பாலோர் பிரான்ஸிலிருந்து வந்தவர்கள். வழிகாட்டி ஒருவர் மட்டும் பிழைத்தார். அன்றைக்கும் மழை பெய்தது இங்கே இல்லை, பல மைல் மேலே. அந்தத் தண்ணீர் முழுவதும் ஓடையில் சேர்ந்து இந்தக் கைப்பிடி அகலப் பிளவுக்குள் ஒரே நேரத்தில் இறங்கியது. அப்போதிருந்த மர ஏணிகளையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. இப்போதுள்ள இரும்புப் படிகளைப் பாறையில் துளையிட்டு இறுக்கியிருப்பது அதற்குப் பிறகுதான்.

எனக்குச் சொந்த ஊர் தென்காசி. குற்றாலத்துக்கு எத்தனை முறை போயிருப்போம்! அப்பா அருவிக்குள் இறங்கும் முன் ஒரு தடவை மலையைப் பார்ப்பார். "மேல கறுத்திருக்கு, வாங்க வெளியே" என்று சொன்னால் பேச்சில்லை, வெயில் அடித்தாலும் வெளியே வந்துவிட வேண்டும். நான் அமெரிக்கா கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்னால், மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையனை இழுத்துக்கொண்டு போனது. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு இரண்டு நாள் தூக்கம் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு இங்கே நின்று முகத்தைச் சுளித்தேனே என்று அந்த இடத்திலேயே வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்ணிடம் போய், எங்கள் ஊரிலும் இப்படித்தான் என்று சொன்னேன். "அப்படியானால் உங்களுக்குப் புரியும்" என்றார்.

ஒன்று நாற்பதுக்கு விட்டார்கள். படியில் பின்பக்கமாகத் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கடைசிப் படியில் கால் வைத்தபோது வெயிலும் சத்தமும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. நவாஹோ மொழியில் கீழ் கேன்யனின் பெயருக்குச் சுழல் பாறை வளைவுகள் என்று பொருளாம். சுவர்கள் திரைச்சீலை மாதிரி மடிந்து மடிந்து மேலே போகின்றன. அடியில் ஊதா, தோள் உயரத்தில் ஆரஞ்சு, உச்சியில் வெள்ளைப் பொன். ஓரிடத்தில் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடிந்தது. பாறையில் விரலை வைத்தேன். குழந்தையின் கன்னம்போல வழுவழுப்பாக இருக்கும் என்று நினைத்தால், உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. விரல் நுனியில் நாலைந்து சிவப்பு மணல் துகள். அப்போது அந்தப் பெண் மேலே காட்டினார். எங்கள் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில், இரு சுவர்களுக்கும் நடுவே ஒரு மரக்கட்டை குறுக்கே சிக்கிக் கிடந்தது. பட்டை உரிந்து வெளுத்திருந்தது. "தண்ணீர் கொண்டுவந்து வைத்தது" என்றார். நாங்கள் யாரும் பேசவில்லை.

வெளியே வரும்போது மூன்று மணி ஆகப்போகிறது. அணையை நின்று பார்ப்பது பட்டியலில் இருந்தது, அது நடக்கவில்லை. சைவம் என்று எழுதிக் கொடுத்திருந்தும் சாப்பாட்டுப் பொட்டலத்தில் வான்கோழி சாண்ட்விச்தான் இருந்தது. நெல்லூர் அம்மா புளியோதரை கொண்டுவந்திருந்தார், பிழைத்தேன். ஓட்டலுக்கு வரும்போது இரவு ஒன்பதேகால். பதினாறரை மணி நேரத்தில் கேன்யனுக்குள் இருந்தது ஒரு மணி நேரம். முடிந்தால் பேஜிலேயே ஓர் இரவு தங்குங்கள், உடம்புக்கும் நல்லது, மழையால் நேரம் தள்ளிப்போனாலும் மறுநாள் பார்க்கலாம். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை அங்கே மழைக்காலம் என்பதை நினைவில் வையுங்கள். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால், ஊர் திரும்பும் விமானத்தை மறுநாள் காலைக்குப் போடாதீர்கள். கேன்யன் மூடினால் எந்தத் தொகை திரும்ப வரும் என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

என் தங்கை, தன் மகனோடு வரும் அக்டோபரில் போகிறாள். மேல் கேன்யனுக்கு இடம் பிடித்திருக்கிறாள், பேஜில் ஓர் இரவும் தங்குகிறார்கள். என் பழைய டைட்டன் கடிகாரத்துக்குப் புது வார் போட்டு அவளிடம் கொடுத்தேன். லாஸ் வேகாஸில் இறங்கியதும் அந்த ஊர் நேரத்தை வைத்துக்கொண்டு, திரும்பி வரும்வரை அதைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.